வெள்ளி ரதத்தைப் படம்பிடிக்கப் பினாங்கு செல்வோர் கவனத்துக்கு

செட்டிநாட்டைப் பற்றி ஆவணப்படம் எடுக்க முனைபவர் எவராக இருந்தாலும் ஏதோ ஒரு கட்டத்தில் கடல் கடந்தாக வேண்டியிருக்கிறது. இங்குள்ள வளவுகளில் நிற்கும் தூண்கள் பர்மாத் தேக்கு. இரட்டை வீட்டுப் பெட்டகங்களில் உறங்கும் பேரேடுகளைப் புரட்டினால் ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று ஊர்ப்பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். கதையின் பாதி அக்கரையில் கிடக்கிறது. அந்தப் பாதியைப் படம்பிடிக்க அந்நாட்டு அரசின் அனுமதி வேண்டும் என்பது, கதை எழுதி, பணம் திரட்டி, விமானச் சீட்டும் எடுத்த பிறகுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. காரைக்குடியில் இருந்துகொண்டு சிறு குழுக்களுக்குத் தயாரிப்பு வேலைகளைக் கவனித்துக் கொடுப்பவன் நான். என்னைத் தேடி வரும் இளைஞர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "அண்ணே, மலேசியாவுக்குத்தான் விசாவே வேண்டாமே, சின்ன கேமராவா எடுத்துட்டுப் போயி எடுத்துட்டு வந்துட்டா யாரு கேக்கப் போறாங்க?"

2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விசா இல்லாமல் மலேசியாவுக்குள் சென்று 30 நாட்கள் வரை தங்கலாம் என்பது உண்மையே. ஆனால் அந்தச் சலுகை சுற்றிப் பார்ப்பதற்கும் உறவினர்களைக் கண்டுவருவதற்கும் உரியது; வெளியிடும் நோக்கத்தோடு படம் எடுப்பது தொழில் சார்ந்த வேலை, அதற்கான அனுமதியைத் தனியாகத்தான் பெற வேண்டும். நாட்டுக்குள் நுழைய அனுமதி கிடைத்துவிட்டது என்பதாலேயே படம் எடுக்கவும் அனுமதி கிடைத்துவிட்டது என்று எண்ணிக்கொள்வதுதான் இந்த விஷயத்தில் நான் அடிக்கடி காணும் குழப்பம். கேமரா சிறியதாக இருப்பதாலோ, குழுவில் மூன்று பேர் மட்டுமே இருப்பதாலோ, படம் ஆவணப்படமாக இருப்பதாலோ இந்த வேறுபாடு மறைந்துவிடுவதில்லை.

திருட்டுத்தனமாக எடுத்துவிட்டு வருவதை நான் இவ்வளவு கடுமையாக எதிர்ப்பதற்குச் சட்டம் மட்டும் காரணமல்ல. நாம் அங்கே போய் இறங்கும்போது நம்மை வரவேற்று, தங்க இடம் கொடுத்து, கோயிலுக்குள் அழைத்துச் சென்று, நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய பழைய கிட்டங்கி இருந்த தெருவைக் காட்டுபவர்கள் அந்நாட்டில் பல தலைமுறைகளாக வாழும் மக்கள். படம் எடுத்து முடித்ததும் நாம் விமானம் ஏறிவிடுவோம். அனுமதியில்லாத படப்பிடிப்புக்கு இடம் கொடுத்தது யார் என்ற விசாரணை வந்தால், பதில் சொல்லி நிற்க வேண்டியவர்கள் அவர்கள்தான். ஒரு சமூகத்தின் வரலாற்றைப் பதிவு செய்யப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு, அதே சமூகத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தையோ ஓர் அறங்காவலரையோ சிக்கலில் மாட்டிவிட்டு வருவதை என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியாது.

எங்கள் குழு எடுக்க விரும்பியது பினாங்குத் தைப்பூசத்தின் வெள்ளி ரதத்தைப் பற்றிய படம். 1894-ஆம் ஆண்டு காரைக்குடியில் செய்யப்பட்டுக் கப்பலேறிப் பினாங்கு சென்ற ரதம் அது. இன்றும் தைப்பூசத்துக்கு முந்தைய நாளான செட்டிப் பூசத்தன்று அதிகாலையில், பினாங்குத் தெருவிலுள்ள கோயில் வீட்டிலிருந்து முருகனைச் சுமந்து புறப்பட்டு, தண்ணீர்மலைச் சாலையிலுள்ள நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலை நோக்கிச் செல்கிறது. வழியெங்கும் தமிழரும் சீனரும் சேர்ந்து ஆயிரக்கணக்கான தேங்காய்களை உடைக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊர்வலத்தைப் படம்பிடிக்க எத்தனை பேரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தாலே வேலையின் அளவு விளங்கிவிடும்.

மலேசியாவில் வெளிநாட்டுப் படப்பிடிப்புகளுக்கான விண்ணப்பம் புஸ்பால் என்று மலாய்ச் சுருக்கப் பெயரால் அழைக்கப்படும் மைய அமைப்புக்குச் செல்கிறது. வெளிநாட்டுப் படப்பிடிப்புகளையும், வெளிநாட்டுக் கலைஞர்களின் நிகழ்ச்சிகளையும் பரிசீலிப்பது அதன் பணி. தகவல் தொடர்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. இதற்கு வெளிநாட்டுக் குழு தானே நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. 1981-இல் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான ஃபினாஸில் பதிவு பெற்ற உள்ளூர்த் தயாரிப்பு நிறுவனம் ஒன்று நம் சார்பில் விண்ணப்பிக்க வேண்டும். ஒப்புதல் கிடைத்த பின் அதை வைத்துக் குடிநுழைவுத் துறையில் குழுவினருக்குத் தொழில்முறை வருகை அனுமதிச் சீட்டும், ஃபினாஸில் படப்பிடிப்புச் சான்றிதழும் பெற வேண்டும். சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனிக் குடிநுழைவு அதிகாரம் இருப்பதால், கோலாலம்பூரில் வாங்கிய சீட்டே அங்கும் போதும் என்று எண்ணிவிடக் கூடாது.

ஆகவே முதல் வேலை, இடம் பார்ப்பதோ நேர்காணலுக்கு ஆள் பிடிப்பதோ அல்ல. நம்பிக்கையான உள்ளூர் நிறுவனத்தைத் தேடுவதுதான். இதில் அவசரம் கூடவே கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு குழு, இணையத்தில் பார்த்த ஏதோ ஒரு நிறுவனத்துக்கு முன்பணம் அனுப்பிவிட்டுக் காத்திருந்தது. கோப்பு எந்த அலுவலகத்துக்கும் போகவே இல்லை என்பது தைப்பூசம் நெருங்கிய பிறகுதான் தெரிய வந்தது. அந்த ஆண்டு படப்பிடிப்பு நடக்கவில்லை. திருவிழாவை மறுபடி நடத்திக் காட்டும்படி யாரிடமும் கேட்க முடியாதல்லவா? நிறுவனத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். அவர்கள் முன்பு உதவிய குழு ஒன்றோடு பேசுங்கள். விண்ணப்பம் சமர்ப்பித்ததற்கான ஒப்புகையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நல்ல நிறுவனமாக இருந்தால் இவற்றை நீங்கள் கேட்பதற்கு முன்பே அனுப்பிவிடும். மலேசியாவில் செலவிடும் தொகையில் 30 விழுக்காட்டைத் திருப்பித் தரும் ஊக்கத் திட்டம் ஒன்று இருப்பதையும் சிலர் ஆசையாகச் சொல்வார்கள். அதற்குக் குறைந்தபட்சச் செலவு வரம்பு உண்டு. நம்மைப் போன்ற சிறு ஆவணப்படக்காரர்களுக்கு அது எட்டாது. அந்தப் பணத்தை நம்பி வரவு செலவுக் கணக்கு போட வேண்டாம்.

கோப்பில் என்ன வைக்க வேண்டும் என்று கேட்டால் கதைச்சுருக்கம், காட்சி விவரம், படப்பிடிப்பு அட்டவணை, இடங்களின் பட்டியல், குழுவினரின் கடவுச்சீட்டு நகல்கள், கருவிகளின் பட்டியல் என்று எவரும் சொல்லிவிடுவார்கள். இவற்றில் விண்ணப்பத்தின் தலைவிதியைத் தீர்மானிப்பது கதைச்சுருக்கம்தான் என்பது என் உறுதியான கருத்து. நம் ஊரில் தயாரிப்பாளரிடம் கதை சொல்லும் நடை ஒன்று உண்டு; "இதுவரை யாரும் காட்டாத ரகசியங்கள்", "அதிர வைக்கும் உண்மைகள்" என்றெல்லாம் எழுதினால்தான் கவனம் பெறும் என்று பழகிவிட்டோம். அந்த நடையில் எழுதிய தாள் அரசு அலுவலரின் மேசைக்குப் போனால், அவருக்கு ஆர்வம் பிறக்காது, சந்தேகமே பிறக்கும். மலேசியாவில் இனம், சமயம், அரச குடும்பம் ஆகிய மூன்றும் மிகுந்த கவனத்தோடு அணுகப்படும் பொருள்கள். நாம் எடுப்பதோ சமய ஊர்வலம். அலகு குத்திக் காவடி எடுப்பவர்களைக் காட்டப் போகிறோமா, எப்படிக் காட்டப் போகிறோம், அவர்களுடைய ஒப்புதலைப் பெறுவோமா, பிற சமயத்தவர் தேங்காய் உடைப்பதை என்ன பொருளில் சொல்லப் போகிறோம் என்று படிப்பவர் மனத்தில் எழக்கூடிய ஒவ்வொரு கேள்விக்கும் அவர் கேட்பதற்கு முன்பே நேரடியான வாக்கியங்களில் விடை எழுதிவிட வேண்டும். நாங்கள் எழுதிய சுருக்கத்தை இயக்குநர் பலமுறை படித்துப் பார்த்துவிட்டு, "இதுல படமே தெரியலையேண்ணே, பஞ்சாயத்துத் தீர்மானம் மாதிரி இருக்கு" என்று வருத்தப்பட்டார். எனக்கு அதில் வருத்தமே இல்லை. என்ன எடுக்கிறோம் என்பது ஐயத்துக்கு இடமின்றி விளங்கும்படி எழுதியதால், அந்தத் தாளே பிறகு எங்கள் படப்பிடிப்புத் திட்டமாகவும் ஆனது. எந்தக் காட்சி வேண்டும், எது வேண்டாம் என்ற தெளிவு கேமராமேனுக்கு அதிலிருந்துதான் கிடைத்தது.

அரசு கேட்கும் அனுமதியோடு கோயில் தரும் சம்மதமும் வேண்டும். இந்தச் சம்மதக் கடிதம் கோப்பில் இருந்தால் அதன் வலுவே வேறு. பினாங்கில் இதிலும் ஒரு நுட்பம் உண்டு. வெள்ளி ரதமும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலும் நகரத்தார் நிருவாகத்தில் இருக்கின்றன. தண்ணீர்மலைமேல் உள்ள பாலதண்டாயுதபாணி கோயிலோ பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் பொறுப்பில் உள்ளது. ஆகவே ரதத்தையும் மலையேறும் பக்தர்களையும் ஒரே படத்தில் காட்ட விரும்புபவர் இரண்டு இடங்களிலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். செட்டியார் கோயிலைப் பொறுத்தவரை, செட்டிநாட்டிலிருந்து செல்பவர்களுக்கு இயல்பாகவே ஒரு வழி திறந்திருக்கிறது. அங்கே பொறுப்பில் இருப்பவர்களுக்கு இங்கே எந்த ஊர், நகரத்தாரின் குலப் பிரிவுகளான கோயில் பிரிவுகளில் எது என்று விசாரித்தால் ஒரு சுற்றில் உறவோ அறிமுகமோ கிடைத்துவிடும். எங்களுக்கும் தேவகோட்டையில் இருந்த ஓர் ஆச்சி மூலமாகத்தான் தொடர்பு கிடைத்தது. தொலைபேசியில் பேசிய பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "படம் எடுக்கிறதுல எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லை தம்பி. சாமி புறப்படுறப்போ ரதத்துக்கு முன்னால குறுக்க யாரும் நிக்கப்படாது. அதை மட்டும் எழுதிக் குடுத்துடுங்க" என்றார். "சரிங்கய்யா, எழுதியே தந்துடுறோம்" என்றேன். எழுதியும் கொடுத்தோம். ஆனால் அறிமுகம் இருக்கிறது என்பதற்காக எழுத்து வடிவிலான சம்மதத்தை விட்டுவிடக் கூடாது. உறவு பேச்சைத் தொடங்கி வைக்கும், அலுவலகத்துக்கு வேண்டியது கடிதம்.

நிகழ்ச்சி தெருவில் நடப்பதால் காவல்துறைக்கும் பினாங்குத் தீவு மாநகராட்சிக்கும் தெரிவித்து, எங்கே முக்காலியை ஊன்றலாம், எங்கே நகர்ந்துகொண்டேதான் எடுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும். ஜார்ஜ் டவுன் 2008-இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கும் நகரம் என்பதால், பழைய கட்டடங்களின் உள்ளே எடுப்பதற்குக் கட்டட உரிமையாளரின் சம்மதத்தையும் உள்ளூர் நிறுவனம் வாங்கித் தர வேண்டியிருந்தது. ட்ரோனை நாங்கள் எடுத்துச் செல்லவே இல்லை. வானிலிருந்து படம் எடுக்க அங்கே விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியோடு நில அளவைத் துறையின் அனுமதியும் வேண்டும். அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு மேலே அதைப் பறக்கவிடுவது எனக்குச் சரியாகவும் படவில்லை. அப்படிப்பட்ட காட்சி கட்டாயம் வேண்டுமென்றால், உரிமம் பெற்ற உள்ளூர்க்காரரிடம் அந்த வேலையை ஒப்படைப்பதே முறை. வாக்கி டாக்கிகளும் அப்படியே. அலைவரிசை ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதமாக ஒதுக்கப்பட்டிருப்பதால், இங்கிருந்து சுமந்து செல்வதைவிட அங்கேயே வாடகைக்கு எடுப்பது நல்லது.

எல்லா நாடுகளும் ஒரே வழியில் செல்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் எல்லாவற்றுக்கும் ஒரே படப்பிடிப்பு உரிமம் என்று எதுவும் கிடையாது. எந்த இடத்தில் எடுக்கிறோமோ அந்த இடத்துக்குப் பொறுப்பானவரிடம் கேட்க வேண்டும். டேங்க் சாலை தெண்டாயுதபாணி கோயில் என்றால் கோயில் நிருவாகத்தைக் கேட்க வேண்டும், பூங்கா என்றால் பூங்காத் துறையை. பொதுமக்களுக்குக் காட்டப்படும் படத்துக்கான படப்பிடிப்புக் குழுவினர், வேலை அனுமதிச் சீட்டு இல்லாமலே, நாட்டுக்குள் சென்றபின் மனிதவள அமைச்சகத்துக்கு இணையவழியே அறிவித்துவிட்டுப் பணியாற்றும் ஏற்பாடும் அங்கே உண்டு. வியட்நாமோ நேர் எதிர். அங்கே 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திரைப்படச் சட்டத்தின்படி, உள்ளூர் நிறுவனம் ஒன்றின் வழியாகக் கலாசார அமைச்சகத்திடம் உரிமம் பெற வேண்டும். படத்தின் கதைச்சுருக்கத்தோடு, வியட்நாமில் எடுக்கப்படும் பகுதியின் விரிவான திரைக்கதையையும் கொடுக்க வேண்டும். ஹோ சி மின் நகரில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலை எடுக்க ஆசைப்படுபவர்கள், போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று திரைக்கதையை எழுதாமல் தள்ளிப்போட முடியாது.

பர்மாவைப் பற்றி ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். கேட்பது நியாயமே. 1930-களின் பெருமந்தத்தில் கடனுக்கு ஈடாகக் கைக்கு வந்த நிலங்கள் சேர்ந்து, 1937-இல் கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் ஏறக்குறையக் கால் பங்கு நிலம் நகரத்தாரிடம் இருந்தது. அந்த வரவும் பின்பு அதன் இழப்பும் இல்லாமல் செட்டிநாட்டின் கதை முழுமை பெறாது. ஆனாலும் 2021 பிப்ரவரி 1-ஆம் நாள் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு அங்கே கேமராவோடு போகும்படி நான் யாருக்கும் சொல்வதில்லை. அனுமதித் தாள் கிடைத்தாலும்கூட, நம்மோடு பேசியதற்காக அங்குள்ள முதியவர் ஒருவருக்கு நாளை என்ன நேரும் என்பதற்கு அந்தத் தாள் பொறுப்பேற்காது. அந்தப் பகுதியை இங்கே இருக்கும் பேரேடுகளையும் கடிதங்களையும், இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவிலிருந்து நடந்தே திரும்பி வந்தவர்களின் பிள்ளைகளையும் கொண்டு எடுக்கலாம். கோட்டையூரில் 1911-இல் பிறந்த ஏ.கே. செட்டியார், காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்துக்காக நாடு நாடாகச் சென்று பிறர் எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடிச் சேகரித்து, 1940-இல் அதை வெளியிட்டார். தாமே போய் எடுக்க முடியாததை இருக்கும் பதிவுகளிலிருந்து கட்டியெழுப்பும் மரபு நம் வட்டாரத்திலேயே இருக்கிறது.

இனி கருவிகள். கேமராக்களையும் லென்சுகளையும் வெளிநாட்டுக்குக் கொண்டுசென்று திரும்பக் கொண்டுவரும்போது இரு நாட்டுச் சுங்கத்திலும் வரி கட்டாமல் செல்ல உதவும் ஆவணம் ஏடிஏ கார்னே. இந்தியாவில் இதை வழங்குவது வணிக, தொழில் மன்றங்களின் கூட்டமைப்பான ஃபிக்கி. மலேசியாவும் சிங்கப்பூரும் இதை ஏற்கின்றன. ஓராண்டு வரை செல்லும். இதைப் பெறப் பிணையம் கட்ட வேண்டும் என்பதால் சிறு குழுக்கள் தயங்குகின்றன. அதனால் வரும் நிம்மதிக்கு அந்தத் தொகை தகும் என்பேன். இதில் உயிர்நாடி பட்டியல்தான். ஒவ்வொரு பொருளின் பெயர், வரிசை எண், எடை, மதிப்பு, எந்த நாட்டில் செய்யப்பட்டது ஆகிய எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஆவணம் வழங்கப்பட்ட பிறகு ஒரு பொருளைக்கூடப் புதிதாகச் சேர்க்க முடியாது. நாங்கள் முகப்புத் திண்ணையில் வெள்ளை வேட்டியொன்றை விரித்து அதன்மேல் எல்லாவற்றையும் பரப்பி, ஒருவர் படிக்க ஒருவர் எழுத, மூன்றாமவர் அதைத் திரும்பப் பொருளோடு ஒப்பிட்டுப் பார்க்க என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். பழைய லென்சுகளில் எண் முன்வளையத்தைச் சுற்றிப் பொறிக்கப்பட்டிருக்கும். வடிகட்டிக் கண்ணாடி மாட்டியிருந்தால் அதைக் கழற்றி, கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்தால்தான் தேய்ந்துபோன மூன்றும் எட்டும் வேறுபட்டுத் தெரியும். சுங்க மேசையில் அதிகாரி எந்தப் பொருளையும் எடுத்து எண்ணைச் சரிபார்க்கலாம். ஓர் இலக்கம் மாறினாலும் அது வேறு பொருள்தான். படம் பதியும் ஹார்ட் டிஸ்குகளையும் பட்டியலில் சேர்க்க மறக்கக் கூடாது. ஒட்டுநாடா, வண்ணத் தாள் போன்று செலவழிந்துபோகும் பொருள்கள் இதில் வராது.

பேட்டரிகள் வேறு கணக்கு. தனியாக எடுத்துச் செல்லும் லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட் மணி (பேட்டரி தேக்கிவைக்கும் ஆற்றலின் அளவு) வரை உள்ளவற்றுக்குச் சிக்கல் இல்லை, 100 முதல் 160 வரை உள்ளவற்றை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு ஆளுக்கு இரண்டு கொண்டுசெல்லலாம், அதற்கு மேற்பட்டவற்றைப் பயணியர் விமானத்தில் கொண்டுசெல்ல முடியாது.

நமக்கு அருகில் இருப்பது திருச்சி விமான நிலையம். அங்கிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானங்களும் உண்டு. என்றாலும் நீங்கள் புறப்படும் நேரத்தில் கார்னேயைப் பார்த்து முத்திரையிடச் சுங்க அலுவலர் இருப்பாரா என்பதை முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நாங்கள் சென்னை வழியாகவே போனோம். கார்னே ஒரு புத்தகமாக வரும்; புறப்படும்போது அதன் மஞ்சள் தாளில் நம் சுங்கம், போய் இறங்கியதும் வெள்ளைத் தாளில் அந்நாட்டுச் சுங்கம், திரும்பும்போது மறுபடியும் வெள்ளைத் தாளில் அவர்கள், ஊர் வந்ததும் மஞ்சள் தாளில் நம்மவர்கள் என்று நான்கு இடங்களிலும் முத்திரை விழ வேண்டும். இந்நான்கில் பெரிதும் தவறிப்போவது மூன்றாவது. படம் முடிந்த களைப்பில், அதிகாலை விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில், பெட்டிகளை நேரே விமான நிறுவனத்தின் மேசையில் ஒப்படைத்துவிட்டால், பொருள்கள் அந்நாட்டைவிட்டு வெளியேறியதற்கான சான்று இல்லாமல் போய்விடும். அவை அங்கேயே தங்கிவிட்டதாகக் கருதி அந்நாட்டுச் சுங்கம் வரி கேட்கும், அது ஃபிக்கி வழியாக நம்மிடம் வந்து சேரும். உள்ளே நுழையும்போது அந்நாட்டுச் சுங்கம் தாளில் எழுதித் தரும் திரும்பிச் செல்ல வேண்டிய கடைசித் தேதி, கார்னேயின் ஓராண்டைவிடக் குறைவாக இருக்கலாம் என்பதால் அதையும் அங்கேயே நின்று படித்துவிட வேண்டும். ஊர் திரும்பியதும் முத்திரைகள் நான்கையும் சரிபார்த்து, முழுப் புத்தகத்தையும் ஃபிக்கியிடம் திருப்பி ஒப்படையுங்கள். கட்டிய பிணையம் அதற்குப் பிறகுதான் விடுவிக்கப்படும்.